ரெண்டு ரூபாய் தீப்பெட்டிக்கு யார் கப்பல் கூலி கொடுக்கிறார்கள்?

தீவுகளில் ஏன் எல்லாமே விலை அதிகம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "தூரம்ங்க. கப்பல்ல வரணும்ல." அந்தமான் போய்வந்தவர்களின் பயணக் கட்டுரை, யூடியூப் வீடியோ, நாளிதழ்ச் செய்தி, அரசுக் குறிப்பு என்று எதை எடுத்தாலும் இந்த ஒரு வரிதான் வேறுவேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. கொஞ்சம் கோபமாக எழுதுகிறவர்கள் அடுத்த வரியில் "அரசு மானியம் கொடுக்க வேண்டும்" என்பார்கள். நம்பிக்கையாக எழுதுகிறவர்கள் "நேரடிக் கப்பல் விட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். தூரம், மானியம், நேரடிக் கப்பல் ஆகிய இந்த மூன்றில் எது தேறுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

நான் கப்பல் துறை ஆள் இல்லை. பிழைப்பு சாஃப்ட்வேரில். ஆனால் ஊர் விருதுநகர். இங்கே மண்ணில் ஒன்றும் பெரிதாக விளையாது, விலை வைப்பது மட்டும் எங்கள் ஊர் என்று பெருமையாகவும் கேலியாகவும் சொல்வார்கள். பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் எல்லாம் எங்கிருந்தோ வந்து, எங்கள் பேட்டையில் விலை கேட்டுக்கொண்டு, எங்கேயோ போகிறது. ஆகவே சரக்கு எங்கே போனால் எவ்வளவு கூடுகிறது என்கிற கேள்வி சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கிற கேள்வி.

தீப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் செய்யும் சாதாரணப் பெட்டி பதினாலு வருஷம் ஒரு ரூபாயாக இருந்து, 2021 டிசம்பர் 1 முதல் ரெண்டு ரூபாய் ஆனது. அந்த ரெண்டு ரூபாய் எம்.ஆர்.பி. இந்தியா முழுவதற்கும் பொது. சாத்தூர் டீக்கடைக்கும் அதுதான், கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே கடைக்கும் அதுதான். சட்டப்படி அதற்கு மேல் விற்கக் கூடாது. அப்படியானால் ஒரு எளிய கேள்வி: சாத்தூரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கடலில் சுமார் 1,200 கி.மீ. தாண்டிப் போர்ட் பிளேயர் (2024-லிருந்து அதிகாரப்பூர்வமாக ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து இன்னொரு கப்பலில் 500 கி.மீ.-க்கு மேல் தெற்கே. இந்தக் கூலி எல்லாம் அந்த ரெண்டு ரூபாய்க்குள் எங்கே ஒளிந்திருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் இருந்த பெட்டி ஒன்றை ஸ்கேல் வைத்து அளந்தேன்: ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், 3.5 அகலம், 1.3 உயரம். சுமார் 23 கன செ.மீ. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. ஆக ஒரு பண்டல் சுமார் 14 லிட்டர் இடம் பிடிக்கும். இருபது அடிக் கண்டெய்னரின் உள்ளளவு 33 கன மீட்டர். அடுக்குவதில் வீணாவது போக 28 என்று வையுங்கள். 2,000 பண்டல், அதாவது 12 லட்சம் தீப்பெட்டி. அந்தக் கண்டெய்னருக்கு, கணக்குக்காக, எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டிக்கு எட்டரை பைசா கூட வராது. கூலி ரெண்டு லட்சம் என்று வைத்தாலும் 17 பைசாதான். இதே கண்டெய்னரில் 25 டன் அரிசி ஏற்றினால் லட்ச ரூபாய்க்கு கிலோவுக்கு 4 ரூபாய்.

இதைப் போட்டு முடித்ததும்தான் "தூரம்" என்கிற பதிலின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முழுக் கண்டெய்னராகப் போனால், கடல் என்பது உலகத்திலேயே மலிவான ரோடு. டீசல் கணக்கில் லாரி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தூரம்தான் காரணம் என்றால் மும்பையிலோ கொச்சியிலோ விற்கும் சீனப் பொம்மை சிவகாசிப் பொம்மையைவிட விலை அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் கேம்ப்பெல் பே கடைக்காரர் 2,000 பண்டல் வாங்குகிறவர் இல்லை. அவருக்கு வேண்டியது ரெண்டு பண்டல். கூடவே மூணு பெட்டி சோப்பு, ரெண்டு மூட்டை உளுந்து, அரை டஜன் பிளாஸ்டிக் குடம், ஒரு கட்டு நோட்டுப் புத்தகம். அந்த ரெண்டு பண்டலின் பயணத்தை எழுதிப் பாருங்கள். ஆபீஸிலிருந்து லாரி ஷெட், லாரி ஷெட்டிலிருந்து சென்னைக் குடோன், குடோனிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கப்பல். பிறகு அந்தப் பக்கம் இறக்கம், குடோன், மறுபடி ஏற்றம், தீவுக் கப்பல், ஜெட்டி, ஜெட்டியிலிருந்து கடை. பத்து கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு கூலி, ஒரு பில், ஒரு காத்திருப்பு. கப்பல் நகரும் மணி நேரங்களுக்கு ஆகும் செலவைவிட, நகராமல் கிடக்கும் நாட்களுக்கு ஆகும் செலவுதான் பெரிது.

ஒருமுறை போர்ட் பிளேயரில் இருக்கும் நண்பருக்குப் புத்தகம் அனுப்பலாம் என்று சென்னையில் ஒரு பார்சல் ஆபீஸுக்குப் போனேன். ஐந்து கிலோதான். புக்கிங்கில் இருந்தவர் பேச்சைக் கேட்டால் சாத்தூர்ப் பக்கம். ஐம்பது கிலோவுக்கான தொகையைச் சொன்னார். ஏன் என்றேன். "அண்ணாச்சி, அஞ்சு கிலோவும் ஒண்ணுதான், அம்பது கிலோவும் ஒண்ணுதான். எழுதுற பில்லு ஒண்ணுதான?" என்றார். நான் படித்த எந்த அறிக்கையைவிடவும் தீவுப் போக்குவரத்தின் பொருளாதாரத்தைத் தெளிவாகச் சொன்னவர் அவர்தான். என் தொழிலில் இதை நெட்வொர்க் பாக்கெட்டை வைத்துச் சொல்லித்தருவார்கள். அனுப்பும் செய்தி ஒரே எழுத்தாக இருந்தாலும் முகவரி, சரிபார்ப்பு என்று மேலே சுற்றும் உறை அதே அளவுதான். செய்தி சின்னதாக ஆக ஆக, நீங்கள் உறைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். தீவு மக்கள் உறைக்குக் காசு கொடுக்கிறார்கள்.

சரி, அப்படியும் எம்.ஆர்.பி. ரெண்டு ரூபாய்தானே? உறைக் காசை யார் கொடுக்கிறார்கள்? ரெண்டு பேர். ஒருவர் கம்பெனி: பெரிய பிராண்டுகள் நாடு முழுக்க ஒரே விலை வைக்கும்போது சாத்தூர்க்காரரும் சென்னைக்காரரும் கொடுக்கும் ரெண்டு ரூபாயில் ஒரு துளி கேம்ப்பெல் பேவுக்குப் போகிறது. இன்னொருவர் தீவுக் கடைக்காரர்: அவருடைய லாபத்தில் கை வைக்கிறது. கை வைக்க முடியாத அளவுக்குப் போனால் அவர் அந்தச் சரக்கையே வாங்குவதை விட்டுவிடுவார். இந்த மூன்றாவது வழியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விலைவாசிப் புள்ளிவிவரத்தில் கடையில் இருக்கும் பொருளின் விலைதான் வரும். கடைக்கு வராமலே போன பொருளுக்கு ஏது விலை? "தீவில் விலை இத்தனை சதவீதம் கூடுதல்" என்று எழுதும் செய்திகளின் மேல் என்னுடைய முதல் புகார் இதுதான். பாக்கெட்டில் அடைக்காத காய்கறி, மீன், செங்கல், மணல் இவற்றில்தான் கூலி வெளிப்படையாக ஏறும். எம்.ஆர்.பி. பொருளில் அது விலையாகத் தெரியாது, பற்றாக்குறையாகத் தெரியும்.

இதில் பட்டாசு ஒரு தனி ஜாதி. தீப்பெட்டியில் எம்.ஆர்.பி. ஒரு கயிறு என்றால், பட்டாசில் அது ஒரு வேடிக்கை. கிஃப்ட் பாக்ஸின் மேல் ஆயிரம் ரூபாய் அச்சடித்து, சிவகாசி கடையில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று இருநூறு ரூபாய்க்குக் கொடுப்பது ஊரறிந்த பழக்கம். அச்சு விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது கப்பல் கூலி அதற்குள் எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளும். தீவில் விற்பவர் விலையை ஏற்ற வேண்டியதே இல்லை, தள்ளுபடியைக் குறைத்தால் போதும். வாங்குகிறவருக்கும் சட்டப்படி கேட்க ஒன்றும் இல்லை.

ஆனால் பட்டாசின் உண்மையான சிக்கல் விலையில்கூட இல்லை. முதலாவது, அது வெடிபொருள். ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்று தீபாவளிக்குத் தீபாவளி ஸ்டேஷனில் மைக்கில் சொல்வதை நாமே கேட்கிறோம். கடலில் அது ஆபத்தான சரக்குகளின் முதல் வகுப்பு. சாதாரணக் கடைப் பட்டாசில் பெரும்பகுதிக்கு ஐ.நா. எண் 0336 பொருந்தும். ஆள் ஏற்றும் கப்பலில் இந்த வகுப்புச் சரக்கிற்குக் கடுமையான வரம்பு உண்டு. தீவுகளுக்குப் போகிற கப்பல்களில் பலவும் ஆளையும் சரக்கையும் சேர்த்து ஏற்றுபவை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியும் ஆபத்துச் சரக்குதான் (எண் 1944), ஆனால் எரியும் திடப்பொருள் என்கிற கொஞ்சம் சாந்தமான வகுப்பு. அதனால்தான் தூத்துக்குடியிலிருந்து ஆப்பிரிக்கா வரை தீப்பெட்டி போகிறது, பட்டாசு உள்ளூரிலேயே நிற்கிறது.

இரண்டாவது விஷயத்தை யாரும் பேசிப் பார்த்ததில்லை. எங்கள் பகுதியில் செய்யும் சரக்கில் பெரும்பாலானவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேதி அச்சாகியிருக்கிறது. பட்டாசுக்குத் தீபாவளி. காலண்டருக்கும் டைரிக்கும் ஜனவரி 1. நோட்டுப் புத்தகத்துக்கு ஜூன். தேர்தல் போஸ்டருக்கு ஓட்டுப்போடும் நாள். மூட்டை அரிசி ஒரு வாரம் பிந்தி வந்தால் ஒரு வாரம் பிந்திய அரிசி, அவ்வளவுதான். தினசரி காலண்டர் பொங்கலுக்குப் பிறகு வந்தால் எடைக்குப் போடும் காகிதம். தீபாவளிக்கு மறுநாள் இறங்கிய பட்டாசு ஒரு வருஷத்துக்குக் காவல் வைக்க வேண்டிய தொல்லை, அதற்கும் லைசென்ஸ் உள்ள குடோன் வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால் தீபாவளி வரும் அக்டோபர்–நவம்பர்தான் வங்காள விரிகுடாவில் புயல் சின்னங்கள் வரிசை கட்டும் காலம். கப்பல் புறப்படும் நாள் தள்ளிப்போவது அப்போது சகஜம். ஆகவே தீவு வியாபாரி என்ன செய்வார்? எல்லாவற்றையும் ரெண்டு மாசம் முன்னாலேயே வாங்கி வைப்பார். ரெண்டு மாச வட்டி, ரெண்டு மாசக் குடோன் வாடகை, கடற்கரை ஈரத்தில் நமுத்துப்போகும் சரக்கு. இதெல்லாம் கப்பல் கூலி பில்லில் வராது, ஆனால் கப்பலால் வந்த செலவு.

இப்போது நேரடிக் கப்பலுக்கு வருகிறேன். இதற்கு அந்தமானைவிட மாலத்தீவு நல்ல உதாரணம். எங்கள் பக்கத்துத் துறைமுகமான தூத்துக்குடிதான் அதன் சமையலறை வாசல்.

2020 செப்டம்பர் 21 அன்று இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் இடையே நேரடிச் சரக்குக் கப்பல் சேவை தொடங்கியது. அன்றைய கப்பல் துறை இணையமைச்சர் மன்சுக் மாண்டவியாவும் மாலத்தீவுப் போக்குவரத்து அமைச்சர் ஆயிஷத் நஹுலாவும் காணொளியில் கொடியசைத்தார்கள். எம்.சி.பி. லின்ஸ் என்கிற கப்பல், 200 டி.இ.யூ. கண்டெய்னரும் 3,000 டன் உதிரிச் சரக்கும் கொள்ளும். தூத்துக்குடியிலிருந்து கொச்சி, அங்கிருந்து வட மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷி, அங்கிருந்து மாலே. 26-ம் தேதி குல்ஹுதுஃபுஷி, 29-ம் தேதி மாலே சேர வேண்டும் என்பது திட்டம். மாசத்துக்கு ரெண்டு நடை, நடத்துவது இந்தியக் கப்பல் கழகம். அறிவிப்பில் இது செலவு குறைந்த, நேரடியான மாற்று வழி என்று சொல்லப்பட்டது.

அப்போது வந்த செய்திகளை வரிசையாகப் படித்தேன். எல்லாவற்றிலும் 200 டி.இ.யூ. இருக்கிறது, 3,000 டன் இருக்கிறது, ராஜதந்திர உறவு இருக்கிறது. ஒரு டன்னுக்கு எவ்வளவு கூலி என்பதை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. செலவு குறையும் என்று எழுத, முதலில் இப்போது என்ன செலவு என்று எழுத வேண்டாமா? கொள்ளளவைச் சொன்னால் சேவையைச் சொன்னதாகிவிடும் என்கிற பழக்கம் எங்கள் சாஃப்ட்வேர் உலகிலும் உண்டு. சர்வர் எவ்வளவு பெரிது என்று விளம்பரம் செய்வோம், பதில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவோம். மாசம் ரெண்டு நடை என்றால் ஒரு கப்பலைத் தவறவிட்ட கடைக்காரர் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். 3,000 டன்னை ஒரே நாளில் இறக்குவதைவிட வாரம் ஒருமுறை 300 டன் இறக்குவது ஒரு தீவுக்குப் பல மடங்கு பயன்.

அதைத்தான் ஏற்கெனவே தோணி செய்துகொண்டிருந்தது. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மரத்தோணிகள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகிறவை. ஒரு தோணி சில நூறு டன்தான். கிரேன் கிடைக்காத இடத்திலும் ஆள் தலைச்சுமையாக ஏற்றி இறக்கலாம். கண்டெய்னர் வேண்டாம், மூட்டை மூட்டையாகவே போகும், ஆகவே பத்து மூட்டைக்காரரும் சரக்குப் போடலாம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓடாது என்பது பெரிய குறை. கப்பல் கூலிக்குக் கேள்வு என்று ஒரு பழைய தமிழ்ச் சொல் உண்டு, அகராதியிலும் இருக்கிறது. கேட்டுப் பேசி முடிப்பது என்கிற ஒலி அதில் எனக்குக் கேட்கிறது. (சொல்லாராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம், ஒலி என்றுதான் சொன்னேன்.) நேரடிக் கப்பல் பற்றிய உற்சாகக் கட்டுரைகளில் தோணியைப் பற்றி ஒரு வரி வந்தால் அது பாரம்பரியம், அழகு, மறைந்துவரும் கலை என்கிற தொனியில்தான் வருகிறது. அது ஒரு சரக்குச் சேவை, அதுவும் சின்ன லாட்டுக்கு ஏற்ற சேவை என்கிற மரியாதை கிடைப்பதில்லை.

நியாயமாகப் பார்த்தால் 2020 திட்டத்தில் உண்மையிலேயே நல்ல ஒரு விஷயம் இருந்தது, பெரும்பாலான செய்திகள் அதைத் துறைமுகப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் கடந்துபோயின. குல்ஹுதுஃபுஷி. மாலத்தீவில் சுமார் 1,190 தீவு, அதில் மக்கள் வசிப்பவை ஏறத்தாழ 190. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் முதலில் மாலே போய், அங்கே இறங்கி, மறுபடி சின்னப் படகுகளில் ஏறி வடக்கும் தெற்கும் போகும். வடக்குத் தீவுக்காரருக்கு வேண்டிய வெங்காயம் அவர் ஊரைத் தாண்டித் தெற்கே 250 கி.மீ.-க்கு மேல் போய், திரும்ப வடக்கே வரும். வழியில் வடக்கிலேயே ஒரு நிறுத்தம் வைப்பது அந்த இரட்டைச் செலவை வெட்டுகிறது. கப்பலின் கொள்ளளவைவிட அந்த ஒரு நிறுத்தம் மதிப்பானது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சாத்தூருக்கு வர வேண்டிய மூட்டையை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து வேறு லாரி பிடித்து அனுப்புவதுபோல.

எண்களையும் ஒருதரம் பார்த்துவிடலாம். 2024 ஏப்ரலில் இந்தியா அந்த நிதியாண்டுக்கு மாலத்தீவுக்கு அனுமதித்த அத்தியாவசியப் பொருட்களின் அளவு: அரிசி 1,24,218 டன், கோதுமை மாவு 1,09,162 டன், சர்க்கரை 64,494 டன், வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், முட்டை 42.75 கோடி. இது உச்சவரம்பு, போய்ச்சேர்ந்த அளவு அல்ல. ஆனாலும் தலைக்கு 800-க்கு மேல் முட்டை! சுற்றுலாப் பயணிகளின் ஆம்லெட்டுக்கு இதில் நல்ல பங்கு இருக்கும். பருப்பு வெறும் 224 டன். பத்துப் பன்னிரண்டு லாரி லோடு. விருதுநகர்க்காரனுக்கு இது வருத்தமான எண். இந்த உணவு எல்லாவற்றையும் கூட்டினாலும் நாலு லட்சம் டன்னுக்குள் அடங்கிவிடும். அதே பட்டியலில் ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். நம் ஊரில் நாம் ஆற்று மணலுக்குப் படும் பாட்டை இங்கே இழுக்கவில்லை, அது தனிக் கதை.

போகும்போது இவ்வளவு. வரும்போது? மாலத்தீவிலிருந்து இந்தியா இறக்குமதி செய்வதில் முக்கியமானது பழைய இரும்பு. திரும்பும் கப்பல் பாதி காலி, சமயத்தில் முழுக் காலி. போகிற வெங்காயம்தான் ரெண்டு வழிக்கும் டிக்கெட் எடுக்கிறது. அந்தமானுக்கும் இதே கதை, அதில் எங்கள் பகுதிக்கு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. அந்தமான் காடுகளின் மென்மரம் தீக்குச்சிக்காக இந்தப் பக்கம் வந்த காலம் உண்டு. பப்பீட்டா என்று ஒரு மரம் அதற்குப் பேர்போனது. 2002-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு காடு வெட்டுவதை இறுக்கியபின் மரம் வெளியே போவது சுருங்கியது. காட்டுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் திரும்பும் கப்பலின் சரக்கு போனது. தேங்காயும் கொட்டைப்பாக்கும் அந்த இடத்தை நிரப்பப் போதாது. தீக்குச்சி மரம் இந்தப் பக்கம் வந்த கப்பலிலேயே தீப்பெட்டி அந்தப் பக்கம் போனபோது, கூலி ரெண்டாகப் பிரிந்தது. இப்போது ஒருவர் தலையில்.

தூரம் கூலியை நிர்ணயிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியும் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது, கடைசியில் இலவசமாக ஏற்றி ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். குடை விஷயம் எப்படியோ, கட்டணம் சரிந்தது உண்மை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் அந்த மாதங்களில் சுருங்கிவிடவில்லை. போட்டி வந்தது, கூலி விழுந்தது. போட்டி ஒழிந்தபின் அந்தச் சலுகைக்கு அவசியமில்லாமல் போனது. இன்றும் சென்னை–போர்ட் பிளேயர் உள்நாட்டுக் கடல் வழி. சட்டப்படி அது இந்தியக் கப்பல்களுக்கானது, வெளிநாட்டுக் கப்பலுக்கு லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவில் 1920-ன் ஜோன்ஸ் சட்டத்தால் ஹவாய்க்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் கூலி கூடுகிறது என்று நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. இங்கே அந்தமான் பற்றி அப்படி ஒரு சண்டை தமிழில் நடந்து நான் பார்க்கவில்லை.

கடைசியாக மானியம். இந்த நாட்டில் 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை ஒரு கொள்கை இருந்தது: எஃகு போன்ற பொருட்களுக்கு நாட்டின் எந்த ரயில்நிலையத்திலும் ஒரே விலை. ஜாம்ஷெட்பூர் பக்கத்திலும் அதே விலை, கோயம்புத்தூரிலும் அதே விலை. கிழக்கு மாநிலங்களை இது கெடுத்தது என்று இன்றுவரை திட்டுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு: அந்தச் சமத்துவத்தின் அளவுகோல் ரயில்நிலையம். போர்ட் பிளேயரில் ரயில்நிலையம் கிடையாது. 1971-ல் வந்த போக்குவரத்து மானியத் திட்டத்தில் அந்தமானும் லட்சத்தீவும் சேர்க்கப்பட்டன, ஆனால் அது தொழிற்சாலைகளின் மூலப்பொருளுக்கும் உற்பத்திக்கும். சோப்பு வாங்கும் வீட்டுக்கு அதில் பங்கு இல்லை. இதற்கு எதிர்முனையில் நிற்பது 1854-ன் அரையணா அஞ்சல்: கடிதம் நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே தபால்தலை. ரேஷன் அரிசியும் கிட்டத்தட்ட அப்படித்தான். எழுத்துக்கும் அரிசிக்கும் தூரத்தை அழிக்க முடிந்த அரசுக்கு, நடுவில் இருக்கும் தீப்பெட்டியும் நோட்டுப் புத்தகமும் மட்டும் கண்ணில் படவில்லை.

வெளியே பார்த்தால் ஸ்காட்லாந்து 2008-ல் மேற்குத் தீவுகளுக்குச் சோதனையாகத் தொடங்கிய முறையில், படகுக் கட்டணத்தை அதே தூரத்துக்கு ரோடு இருந்தால் என்ன செலவாகுமோ அதை வைத்துக் கணக்கிட்டார்கள். பெரிய சரக்கு வண்டிகளுக்கு மட்டும் 2012-ல் சலுகையை எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர் கட்டணம் குறைந்ததைக் கடை விலையில் குறைத்தாரா என்பதே அங்கே எழுந்த கேள்வி. டாஸ்மேனியாவுக்கு ஆஸ்திரேலியா 1976 முதல் சரக்கு அனுப்புபவருக்கே ஈட்டுத்தொகை கொடுக்கிறது. இரண்டிலும் ஒரு பொதுக் குறை: பெரிய லாட் அனுப்புபவர்தான் அதிகம் வாங்குவார். ரெண்டு பண்டல் கடைக்காரர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் கப்பல் போய்விடும்.

அதனால் எனக்கு டன்னுக்கு இவ்வளவு என்கிற மானியத்தில் நம்பிக்கை இல்லை. காசு கொடுப்பதானால் உறைக்குக் கொடுக்க வேண்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் பத்து வியாபாரிகளின் சின்ன மூட்டைகளை ஒரே கண்டெய்னரில் சேர்த்துக் கட்டும் குடோன், அதற்கு ஒரே பில். தீபாவளிக்கு முன் பட்டாசுக்கென்றே தேதி குறித்த ஒரு சரக்குக் கப்பல். கேம்ப்பெல் பேவுக்குப் பெரிய கப்பல் வேண்டாம், தவறாமல் வரும் சின்னக் கப்பல் போதும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புதுக் கப்பலின் விலையைவிடக் குறைவு. ஆனால் கொடியசைக்க ஒன்றும் இருக்காது, அதுதான் பிரச்சினை.

இந்தக் கணக்கில் நான் ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்ட இடத்தில் உண்மையான எண்களை வைத்துப் பார்க்க ஆசை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துத் தோணிகளின் நடைக்கணக்கு நோட்டுகளோ, எண்பதுகளில் சிவகாசியிலிருந்து போர்ட் பிளேயருக்குக் காலண்டர் அனுப்பிய பில்களோ வீட்டுப் பரணில் யாருக்காவது இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். கேள்வு, ஏற்றுகூலி, இறக்குகூலி என்று தனித்தனியாக எழுதியிருந்தால் ரொம்பச் சந்தோஷம்.